ஏழாம் நம்பர் போனில் நான் போட்ட சரி

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் படிக்க என் அனுபவத்தை எழுதித் தர வேண்டும் என்று ஆபீசிலிருந்து கேட்டார்கள். நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடமாகிறது. இத்தனை நாளாக வராத நினைப்பு இப்போது ஏன் வந்தது என்று விசாரித்தேன். வெப் பக்கங்களை எல்லாப் பிரவுசரிலும் தானே அமுக்கிப் பார்க்கிற ஒரு புரோகிராம் வந்திருக்கிறதாம். அது பார்த்ததை எல்லாம் சரி, சரி என்று பச்சைக் குறி போடுகிறதாம். எல்லாவற்றுக்கும் சரி சொல்லுகிறவர்களை நான் மனிதரிலேயே நம்பியதில்லை. அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன். எழுத்து எனக்குப் பையத்தான் வரும். எழுத்துப்பிழையைத் திருத்திக்கொள்ளலாம், சொன்ன விஷயத்தில் கைவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் ஒத்துக்கொண்டேன்.

முதல் இருபத்திரண்டு வருடம் அண்டியாபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைத்தேன். அந்தத் தோட்டில் ஒரு எண்ணெய் உண்டு. பட்ட இடத்தைப் பொசுக்கிவிடும். சாம்பல் தேய்த்துக்கொண்டு உடைத்தாலும் விரல் நுனியில் ரேகை மிஞ்சாது. ரேஷன் கடை மிஷினில் என் விரலை வைத்தால் இன்றைக்கும் ஆள் இல்லை என்றுதான் சொல்லும். ஆலையை மூடியபோது நாகர்கோவிலில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் பெருக்கவும் டீ கொடுக்கவும் சேர்ந்தேன். அவர்கள் கடைகளுக்கும் சங்கங்களுக்கும் வெப் பக்கம் செய்து கொடுப்பார்கள். ஒருநாள் ஒரு பையன் தான் செய்த துணிக்கடைப் பக்கத்தைக் காட்டி, "அக்கா, இந்தச் சேலையத் தொட்டுப் பாருங்க, பெருசாத் தெரியும்" என்று போனை நீட்டினான். தொட்டேன். சேலை பெரிதாகவில்லை. பக்கம் நழுவி மேலே போயிற்று. அவன் தொட்டால் வந்தது, நான் தொட்டால் நழுவிற்று. வேறொரு போனில் நான் தொட்டாலும் வந்தது.

"அக்காக்க விரல்தான் செரியில்ல" என்று சிரித்தான் அவன். பெயர் சஜின். மார்த்தாண்டம் பக்கத்துப் பையன்.

அந்தப் பக்கமாகப் போன ஜெசிந்தா மேடம் நின்றார். என் விரலைத் திருப்பிப் பார்த்தார். "அண்டி உடைச்ச கை, வலை முடிஞ்ச கை, செங்கல் சூளையில நின்ன கை. இந்த மாவட்டத்துல பாதிப்பேருக்கு இந்தக் கைதான். நீ ஆருக்குப் பக்கம் செய்யுத?" என்று அவனைக் கேட்டார். அடுத்த மாதத்திலிருந்து நான் டீ கொடுக்கவில்லை. எனக்கு வேறொருத்தி டீ கொண்டுவந்தாள்.

ஜெசிந்தா மேடம் டெஸ்டிங் பிரிவுக்குத் தலைவி. கடற்கரைக்காரி. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஒரு தப்பைக் கண்டுபிடித்துச் சொல்லப் போனால் நம் முகத்தைப் பார்க்க மாட்டார். பேனாவின் மூடியைக் கழற்றி மேசையில் செங்குத்தாக நிறுத்திவைப்பார். பிறகுதான், "சொல்லுங்க." நான் "இது வேலை செய்யல்ல" என்று தொடங்கினால் மூடியை எடுத்துத் திரும்ப மாட்டிவிடுவார். அவ்வளவுதான், எழுந்து போக வேண்டும். எந்தப் போன், என்ன தொட்டேன், எப்படித் தொட்டேன், பிறகு என்ன வந்தது என்று வரிசையாகச் சொன்னால் மட்டும் எழுதுவார். எழுதிவிட்டு, "மறுபடி" என்பார். அவர் கண்முன்னால் மூன்று தடவை செய்துகாட்ட வேண்டும். இரண்டு தடவை வந்து ஒரு தடவை வராவிட்டால் அதையும் எழுதுவார். கொள்ளாம், நன்றாயிருக்கிறது என்று ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை.

எங்களிடம் பதினொரு போன்கள் இருந்தன. முதுகில் நம்பர் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றையும் மல்துணியால் துடைத்து, ஒரே பக்கத்தைத் திறந்து, பையத் தொடுவது, வேகமாகத் தொடுவது, தொட்டு விடாமல் பிடித்திருப்பது, தொட்ட விரலை வெளியே இழுத்துவிடுவது, ஈர விரலால் தொடுவது என்று எல்லாம் செய்வேன். பொத்தானில் எழுதியிருக்கும் இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. அது நல்லதாகப் போயிற்று. படித்தவர்கள் எழுதியிருப்பதைப் பார்ப்பார்கள். நான் நடப்பதைப் பார்த்தேன். கடைசியில் தாளில் சரி அல்லது தப்பு என்று எழுதி, செல்லத்தங்கம் என்று கையெழுத்துப் போடுவேன்.

அந்த வேலையின் சூத்திரத்தை ஒருநாள் ஜெசிந்தா மேடம் கட்டம் கட்டமாக வரைந்து காட்டினார். என் வழியில் சொல்கிறேன். ஒரு கல்யாணப் பந்தியில் ஓர் இலையிலிருந்து ரசம் என்று குரல் வருகிறது. அந்தக் குரல் முதலில் பந்தி வரிசைக்குக் கேட்கும், பிறகு மண்டபத்துக்கு, கடைசியில் வாசலுக்கு. விரல் தொடுவதும் அப்படித்தான். சின்னப் பொத்தானில் பட்ட தொடுகை அதைச் சுற்றிய பெட்டிக்கும், பிறகு அதற்கு வெளிப்பெட்டிக்கும், கடைசியில் பக்கத்தின் உச்சிக்கும் போகும். முன்காலத்தில் வரிசைக்கு ஒரு ஆள் நின்று விளம்பினார்கள். இப்போது பிரேம்வொர்க் என்று ஒன்றை வாங்கிவைத்துக்கொள்கிறார்கள். அது வாசலில் ஒரே ஒரு மேற்பார்வைக்காரனை நிறுத்தும். எல்லாக் குரலும் அவனிடம் போகும். எந்த இலையிலிருந்து வந்தது என்று பார்த்து அவன்தான் ஆளை அனுப்புவான். அது எதற்கென்றால், பிரவுசர்கள் ஒன்றுபோலப் பேசாது. ஒன்று விரல் பட்டது என்னும். ஒன்று கொஞ்சம் காத்திருந்து மவுஸ் அமுங்கியது என்னும். ஒன்று இரண்டையும் சொல்லும். வாசல்காரன் எல்லாவற்றையும் ஒரே பேச்சாக்கிக் கொடுப்பான்.

கேட்டதும் எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். "அவன் காதுல விழுகதுக்கு முன்ன நடுவுல ஒருத்தன் கேட்டுட்டு எழும்பி ஓடினா?"

ஜெசிந்தா மேடம் பேனா மூடியை நிறுத்திவைத்தார். ஆனால் ஒன்றும் எழுதவில்லை. "அங்கன ஒண்ணு வந்தா பாப்போம்" என்றார்.

வந்தது.

இனயம் தாண்டி ஒரு கடற்கரை ஊர். பெயர் வேண்டாம். அந்த ஊர்க் கமிட்டிக்கு நாங்கள் ஒரு பக்கம் செய்து கொடுத்திருந்தோம். கடலுக்குப் போன வள்ளங்கள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். கரைக்கு வந்துவிட்ட வள்ளத்தின் வரிசையைத் தொட்டால் அது கரை சேர்ந்தது என்று பதிவாகிக் கீழே போய்விடும். மேலே நிற்பவை எல்லாம் இன்னும் கடலில் இருப்பவை. ஒவ்வொரு வரிசைக்குள்ளும் சின்னதாக ஒரு போன் படம். அதைத் தொட்டால் வள்ளத்துக்காரனுக்கு அழைப்பு போகும். கரையில் இருந்து இதைப் பார்த்துக்கொள்ள மேரி புஷ்பம் என்ற ஒருத்தியை வைத்திருந்தார்கள்.

ஒருநாள் ஒரு வள்ளம் இன்ஜின் நின்று நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருந்தது. நாலு பேர். காலையிலேயே அதைத் தேடிப் போயிருக்க வேண்டும். போகவில்லை, ஏனென்றால் கரை சேர்ந்தது என்று பக்கத்தில் பதிவாகியிருந்தது. சாயங்காலம் வேறொரு விசைப்படகு கண்டு கட்டி இழுத்துவந்தது. நாலு பேரும் பிழைத்தார்கள். ஒருவன் வெயிலில் நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவன் மேரி புஷ்பத்தின் சொந்தத் தங்கையின் புருஷன்.

கமிட்டிக்காரர்கள் மாதா கோயில் மைக்கில் அறிவித்துவிட்டார்கள். பொய்ப் பதிவு செய்ததால் மேரி புஷ்பத்தை வேலையிலிருந்து நீக்கியிருக்கிறது என்று. தங்கை அவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அவளோ நான் தொடவில்லை, போன் படத்தை மட்டும்தான் தொட்டேன் என்று சத்தியம் செய்தாளாம். உண்மையைக் கண்டு சொல்லுங்கள் என்று கமிட்டி எங்களுக்கு எழுதியது.

சஜின் லாக் என்கிற பதிவுகளைத் திறந்து காட்டினான். அவள் போனிலிருந்துதான் கரை சேர்ந்தது பதிவாகியிருந்தது. "அமுக்கிட்டு அமுக்கலன்னு பறையுது. லாக் பொய் பறையுமா?" என்றான்.

நானும் அதைத்தான் நினைத்தேன். எழுதுகிறபோது ஒளிக்கக் கூடாது. எனக்கு மேரி புஷ்பத்தின்மேல்தான் சந்தேகம். வேலை சோம்பலில் எல்லா வரிசையையும் தட்டிவிட்டிருப்பாள், ஆள் சாகக் கிடந்ததும் பயந்து மாற்றிப் பேசுகிறாள் என்று வைத்துக்கொண்டேன்.

ஜெசிந்தா மேடம் பழைய தாள்களைப் புரட்டினார். "அவளுக்கு இருக்கது நம்ம ஏழாம் நம்பர் போன் மாதிரி. அதுல பாத்தது ஆரு?"

"நான்தான்."

தாள் இருந்தது. ஏழாம் நம்பர், போன் படம், சரி, செல்லத்தங்கம். இருந்தும், "மறுபடி" என்றார். ஏழாம் நம்பரை எடுத்து மூன்று தடவை தொட்டேன். அழைப்பு மட்டும்தான் போயிற்று. வரிசை அசையவில்லை. பத்துத் தடவை தொட்டேன். அசையவில்லை.

"பாத்தியளா" என்றேன். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

அவர் மூடியை மாட்டவில்லை. மேரி புஷ்பத்தின் அழைப்புக் கணக்கைக் கமிட்டி அனுப்பியிருந்தது. அதையும் எங்கள் பதிவையும் அருகருகே வைத்தார். "போன் போனது இந்த நிமிஷம். கரை சேந்ததும் இதே நிமிஷம். கரைக்கு வந்தவனுக்கு எதுக்கு அக்கா போன் போடணும்? போன் போட்டு எடுக்காதவன எதுக்குக் கரை சேந்தான்னு எழுதணும்?"

அப்போது என் சந்தேகம் சஜின்மேல் திரும்பியது. பயல் எதையோ மாற்றிவைத்துவிட்டு விழிக்கிறான் என்று பார்த்தேன். அவன் விழிக்கவும் செய்தான்.

மறுநாள் மேடமும் நானும் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனோம். மேரி புஷ்பம் கதவைப் பாதிதான் திறந்தாள். நாற்பது வயது இருக்கும். கண் வீங்கியிருந்தது.

"பொய்க்காரிக்க வீட்டுக்கு எதுக்கு வந்திய?" என்றாள்.

"பொய்யா இல்லியான்னு பாக்கத்தான்" என்றேன் நான்.

"அப்பம் நீங்களும் சந்தேகப்பட்டுதான் வந்திருக்கிய."

"ஆமா."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்தது போலிருந்தது. கதவை முழுக்கத் திறந்தாள். "இங்க வந்தவியள்ல நீங்க ஒருத்திதான் உள்ளதச் சொன்னிய. இருங்க."

மேடம் அவளிடம், அன்று எப்படித் தொட்டாயோ அப்படியே தொடு என்றார். சோதனைக்காகப் பக்கத்தில் ஒரு பொய் வள்ளத்தைச் சேர்த்துவைத்திருந்தோம். மேரி புஷ்பம் போனை இடது கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆட்காட்டி விரலை மேலிருந்து ஆணி அடிப்பதுபோல ஒரே குத்தாகக் குத்தி எடுத்தாள். விரல் கண்ணாடியில் ஒரு இம்மிகூட நகரவில்லை. பழைய போன், அழைப்புத் திரை வந்து மூடக் கொஞ்சம் தாமதம். அந்த இடைவெளியில் நான் கண்டேன். வரிசை நழுவிக் கீழே போயிற்று. அதற்குமேல் அழைப்புத் திரை வந்து மறைத்துக்கொண்டது. அவள் காதில் வைத்துவிட்டாள். அவள் எப்படிக் கண்டிருப்பாள்? பிறகு பார்த்தபோது கரை சேர்ந்தவற்றில் கிடக்கக் கண்டு, வள்ளம் வந்துவிட்டது என்று இருந்திருப்பாள்.

"மறுபடி" என்றார் மேடம். மூன்று தடவையும் கீழே போயிற்று.

பிறகு அதே போனை என் கையில் கொடுத்தார். தொட்டேன். அழைப்பு போயிற்று. வரிசை நின்ற இடத்தில் நின்றது. நாலைந்து தடவை தொட்டுப் பார்த்தேன். நின்றது. மேடம் என் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த என் விரலைப் பார்த்தார். அங்கிருந்தே சஜினை அழைத்து, "பழைய போனுக்குன்னு தனியா ஏதாவது சேத்திருக்கியா?" என்று கேட்டார்.

சேர்த்திருந்தான். ஏழாம் நம்பர் மாதிரியான பழைய பிரவுசரில் தொட்டதும் காரியம் நடக்காது, கொஞ்சம் தாமதமாகும். அதைச் சரிசெய்ய முன்பு யாரோ எழுதிவைத்த ஒரு துண்டு புரோகிராமை அந்தப் பிரவுசருக்கு மட்டும் ஏற்றியிருந்தான். அந்தத் துண்டு ஒவ்வொரு வரிசையிலும் நேரடியாகக் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. போன் படத்தைத் தொட்டால் வரிசைக்குச் சொல்லாதே, அழைப்பு மட்டும் போதும் என்று வாசலில் நின்ற பிரேம்வொர்க்குக்கு உத்தரவு. ஆனால் தொடுகை வாசலுக்குப் போகும் வழியிலேயே வரிசையில் இருந்தவன் கேட்டுவிட்டான், எழுந்து ஓடிக் கரை சேர்ந்தது என்று எழுதிவிட்டான். வாசல்காரன் தடுத்தபோது காரியம் முடிந்திருந்தது. மற்றப் போன்களில் அந்தத் துண்டே கிடையாது. அதனால் அங்கெல்லாம் சரி.

ஏழாம் நம்பரில் எனக்கு ஏன் சரியாக வந்தது? அந்தத் துண்டு விரல் நகர்வதை அளக்கும். கொஞ்சம் நகர்ந்தாலும் இது தொடுகை இல்லை, பக்கத்தை நகர்த்துகிறார்கள் என்று சும்மா இருந்துவிடும். பிரவுசர் அவ்வளவு கறார் இல்லை, அந்தச் சின்ன நழுவலை மன்னித்துத் தொடுகைதான் என்று வாசலுக்குச் சொல்லிவிடும். என் பொசுங்கிய விரல் எப்போதும் நழுவும். ஆகவே வரிசையில் இருந்தவனை என் விரல் ஒருநாளும் எழுப்பவில்லை. யாருக்கும் அகப்படாத தப்பெல்லாம் எனக்கு அகப்படும் என்று இத்தனை வருடம் நிமிர்ந்து நடந்தேன். எல்லாருக்கும் அகப்பட்டிருக்கக் கூடிய தப்பு எனக்கு மட்டும் ஒளிந்துகொண்டது. மற்றவர்கள் விரலையும் வைத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. என் விரல் போதும் என்று கையெழுத்துப் போட்டேன்.

ஆபீசுக்கு வந்து முதலாளியிடம் சொன்னோம். "நெட்வொர்க் கோளாறுன்னு ஒரு லெட்டர் குடுங்க. அந்தப் பிள்ளைக்க வேலையும் திரும்பக் கிடைச்சிரும், நமக்கும் கெட்ட பேரு இல்ல" என்றார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. என் தாளும் யார் கண்ணிலும் படாது. ஆனால் நெட்வொர்க் என்று சொன்னால் அந்த ஊரில் யார் நம்புவார்கள்? போன் போயிருக்கிறதே. அவளுக்காகக் கம்பெனிக்காரன் ஒரு பொய் சொல்லிக் கொடுத்திருக்கிறான் என்றுதான் பேசுவார்கள். தங்கை சாகும்வரை பேச மாட்டாள்.

"சாரே, அந்தத் தாளுல எனக்க கையெழுத்து இருக்கு. நானே போய்ச் சொல்லிக்கிடுதேன்" என்றேன்.

"உங்க பேரு எதுக்கு வெளிய வரணும்? வயசான காலத்துல?"

"வரட்டு. செரின்னு போடும்ப எனக்க பேரத்தானே போட்டேன்."

ஜெசிந்தா மேடம், "நானும் போறேன் சார். அண்ணைக்குச் செரின்னு வந்தப்ப மறுபடி பாக்கச் சொல்லாதது நான்" என்றார். முதலாளி போய்வாருங்கள் என்று கையைக் காட்டினார்.

கமிட்டி கூடியது. மேரி புஷ்பத்தின் போனை மேசையில் வைத்து, அவள் தொட்டாள், வரிசை விழுந்தது. நான் தொட்டேன், விழவில்லை. தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தானும் தொட்டார். விழுந்தது. இன்னும் ஆறேழு பேர் ஒருவர்பின் ஒருவராக வந்து தொட்டார்கள். வலை இழுக்கும் ஒரு கிழவனுக்கு மட்டும் எனக்குப்போலவே வரிசை விழவில்லை.

"இது என்னவே சூனியமா?" என்றான் அவன்.

"சூனியம் இல்ல அண்ணே. பாக்க வேண்டியவ ஒழுங்காப் பாக்கல்ல. அது நான்தான்" என்றேன்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "செரி, வெளங்கியாச்சு. புஷ்பம், இண்ணையிலேருந்து நீ வேலைக்கு வந்திரு."

மேரி புஷ்பம் அசையவில்லை. "நீக்கினத எங்கன சொன்னிய?"

"அதான் வெளங்கியாச்சுன்னு சொல்லுகேன் இல்லியா."

"ஊரு முழுக்கக் கேக்க மைக்குல சொன்னிய. இப்பம் பத்துப் பேரு இருக்க ரூமுக்குள்ள வெளங்கினா போருமா? அதே மைக்குல சொல்லணும். தப்பு ஆருக்கதுன்னு பேரச் சொல்லணும். பேரு இல்லாமச் சொன்னா, எனக்க பேருதான் ஊருல நிக்கும்."

தலைவர் என்னைப் பார்த்தார். ஒரு தாள் கேட்டேன். கொடுத்தார்கள். அவர்கள் எழுதினால் பூசி மெழுகிவிடுவார்கள் என்று எனக்குச் சந்தேகம், அதனால் நானே எழுதினேன். அரைப் பக்கம் எழுத வெகுநேரமாயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

அன்று சாயங்காலம் கோயில் மைக்கில் வாசித்தார்கள். நான் மேரி புஷ்பத்தின் வீட்டு முற்றத்தில் நின்றேன். வாசிக்கிறவர் விட்டுவிடுகிறாரா என்று வரிவரியாகக் கூடவே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விடவில்லை. அந்த வள்ளம் கரை சேர்ந்ததாக மேரி புஷ்பம் பதிவு செய்யவில்லை, பக்கத்தைச் சோதித்துச் சரி என்று கையெழுத்துப் போட்ட செல்லத்தங்கம் என்பவள் ஒழுங்காகப் பார்க்காததால் வந்த பிழை என்று, என் பெயர் கடற்கரை முழுக்கக் கேட்டது. பிள்ளைகளுக்குப் பேரிட்டபோதுகூட என் வீட்டில் மைக் வைத்ததில்லை. வெட்கமாக இருந்ததா என்று சஜின் பிறகு கேட்டான். இருந்தது. ஆனால் அந்த இடத்தில் வேறு யாருடைய பெயரும் பொருந்தாது என்றும் தெரிந்தது.

வாசித்து முடிந்ததும் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தங்கை வந்து படியில் நின்றாள். கையில் மூடிவைத்த ஒரு பாத்திரம். "அக்கா, கஞ்சி குடிச்சியா?" என்றாள்.

மேரி புஷ்பம் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பழைய துண்டு புரோகிராமை எடுத்துவிட்டுச் சஜின் புதிதாக அனுப்பியிருந்த பக்கம் அவள் போனில் திறந்திருந்தது. மேலே இன்னும் ஒன்பது வரிசை நின்றது. கடலையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வள்ளம் எல்லாம் வரட்டு" என்றாள். "பெறவு பாப்போம்."